இனாம் கூலியாகாது!

ஹோட்டலிலும் மதுக்கடை பாரிலும் பரிமாறுகிறவருக்கு ‘டிப்ஸ்’ கொடுப்பது சரியா, தப்பா? மானாம்பதி வட்டாரத்துத் தோழர்கள் சிலரிடையே இதைப்பற்றிக் காரசாரமான வாதம் நடந்திருக்கிறது. “டிப்ஸ் என்பது ஜமீன்தார் வீசியெறிந்த இனாமின் மிச்சம். கொடுப்பதும் தப்பு, வாங்குவதும் தப்பு” என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். “அந்தப் பத்து ரூபாயை நம்பித்தானே அந்தப் பிள்ளை வேலை செய்கிறான்? கொள்கை பேசி அவன் வயிற்றில் அடிக்கலாமா?” என்று மறு சாரார் கேட்கிறார்கள். இரண்டு தரப்பும் நம்மிடம் தீர்ப்புக் கேட்டிருப்பதால், எழுதவேண்டியது நம் கடமையாகிறது.

விஷயம் அற்பம் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். உத்திரமேரூர் தாலுகாவில் ஏரி வறண்டு ஒரு போகத்துக்கே திண்டாட்டம் என்றானபோதெல்லாம், நம் வீட்டுப் பிள்ளைகள் பஸ் ஏறியிருக்கிறார்கள். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போனவர்கள் கம்பெனிக்குள் நுழைந்தார்கள். நுழைய முடியாதவர்கள் கம்பெனி வாசல் ஹோட்டல்களிலும், காஞ்சிபுரத்து லாட்ஜுகளிலும், சென்னைப் பட்டணத்து பார்களிலும் தட்டு ஏந்தினார்கள். ஆகவே இது மேஜை நாகரிகம் பற்றிய கேள்வி மட்டுமல்ல. நம் பிள்ளைகளின் கூலியை யார் கொடுக்கவேண்டும் என்ற கேள்வி.

நம் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கையில் இருந்தால் கொடுங்கள், மரியாதையோடு கொடுங்கள். ஆனால் அதைக் கூலி என்று ஒருநாளும் ஒப்புக்கொள்ளாதீர்கள். முதலாளியையும் அப்படி எண்ண விடாதீர்கள்.

இனாம் என்பது நம் ஊருக்குப் புதிதல்ல. பழைய நாளில் இந்தச் சீமையில் களத்துமேட்டில் நெல் அளக்கும்போது, மேல்வாரம் கீழ்வாரம் பிரிப்பதற்கு முன்பே, தலையாரிக்கும் வெட்டியானுக்கும் தச்சருக்கும் கொல்லருக்கும் நாவிதருக்கும் வண்ணாருக்கும் என்று ஒரு பங்கை எடுத்து வைப்பார்கள். அதற்கு மேரை என்று பெயர். சுதந்திரம் என்றும் சொல்வார்கள். 1767 முதல் 1774 வரை கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் செங்கற்பட்டு ஜாகீரின் கிராமங்களைக் கணக்கெடுத்த தாமஸ் பர்னார்டு என்ற வெள்ளைக்கார எஞ்சினீயர், இந்த மேரைகளையும் விடாமல் குறித்துவைத்தார். உத்திரமேரூர்ச் சீமையும் அந்த ஜாகீரில் அடக்கம்.

அந்த முறையைப் புகழ நாம் வரவில்லை. அதில் ஜாதி இருந்தது. பிறந்த தொழிலை விட்டு நகரமுடியாத விலங்கு இருந்தது. எதிர்த்துப் பேசினால் முதுகுத்தோல் உரிந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நிலக்காரன் பங்கு அளப்பதற்கு முன்னாலேயே உழைத்தவன் பங்கு அளக்கப்பட்டது. அது இன்ன அளவு என்று ஊர் அறிந்திருந்தது. இனாம் அப்படியல்ல. எஜமான் தின்று முடித்து, ஏப்பம் விட்டு, மனம் குளிர்ந்தால் கொடுப்பது இனாம். மனம் குளிராவிட்டால் இல்லை. இன்றைய டிப்ஸ் இந்த இரண்டாவது ஜாதியைச் சேர்ந்தது. நிலத்து இனாம்களை ஒழிக்க 1963-இல் சென்னை ராஜ்யத்தில் சட்டம் வந்தது. மேஜைமேல் வைக்கிற இனாமுக்கு அப்படி ஒரு சட்டமும் வரவில்லை!

இந்த அளவில் முதல் சாரார் சொல்வது சரி. ஆனால் இனாமை மறுப்பதால் இனாம் ஒழிந்துவிடுமா? போனஸ் எப்படி வந்தது என்பதைத் தோழர்கள் நினைத்துப் பார்க்கவேண்டும். முதல் உலக யுத்த காலத்தில் பம்பாய் மில் முதலாளிகளுக்கு லாபம் கொழித்தது. தொழிலாளிகளுக்கும் ‘யுத்த போனஸ்’ என்று கொஞ்சம் கொடுத்தார்கள். எஜமானின் தயவு என்று பெயர். லாபம் மங்கியதும் நிறுத்தினார்கள். 1924-இல் பம்பாய் மில் தொழிலாளர்கள் அதற்காக மாபெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். விசாரித்த கமிட்டி என்ன சொல்லிற்று? போனஸ் கேட்கத் தொழிலாளிக்குச் சட்டப்படி உரிமை எதுவும் இல்லை என்று கைவிரித்தது. அதற்காகத் தொழிலாளி, “போனஸ் பிச்சைக்காசு, நமக்கு வேண்டாம்” என்று திரும்பிப் போகவில்லை. வாங்கிக்கொண்டே போராடினான். 1965-இல் போனஸ் சட்டமே வந்தது. குறைந்தபட்சம் முதலில் 4 சதவீதம், பிறகு 8.33 சதவீதம் என்று ஆயிற்று. லாபமோ நஷ்டமோ அதைக் கொடுத்தே தீரவேண்டும் என்று ஆயிற்று. தயவாக வந்தது உரிமையாக மாறிய கதை இது. மறுத்ததால் மாறவில்லை, சங்கம் வைத்ததால் மாறிற்று.

ஹோட்டல் முதலாளி டிப்ஸை எப்படிப் பார்க்கிறார்? அவருக்கு அது ஒரு வரப்பிரசாதம். வேலைக்கு வருகிற பையனிடம், “சம்பளம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் இங்கே டிப்ஸ் நல்லா வரும்” என்கிறார். கேட்பதற்கு ஆறுதலாக இருக்கும். அர்த்தம் என்ன? உன் கூலியில் ஒரு பகுதியை நான் கொடுக்கமாட்டேன், சாப்பிட வருகிறவர்களிடம் சிரித்து வாங்கிக்கொள் என்பதுதான். ஜெய்ப்பூரில் ராம்பாக் அரண்மனை ஹோட்டல் என்று ஒன்று. மகாராஜா மாளிகை ஹோட்டலாக மாறியது. அதன் நிர்வாகம் இந்த வாதத்தைச் சுப்ரீம் கோர்ட் வரை கொண்டு போயிற்று. சம்பளமும் பஞ்சப்படியும் திருத்தும்போது தொழிலாளிகள் வாங்குகிற டிப்ஸையும் கணக்கில் சேர்க்கவேண்டும் என்றார்கள். 1976-இல் கோர்ட் அதை நிராகரித்தது. டிப்ஸ் கொடுப்பது வாடிக்கைக்காரர், முதலாளி அல்ல; ஆகவே அதைக் கூலியோடு குழப்பக்கூடாது என்று தீர்ப்பளித்தது. 2016-இல் வேறொரு ஹோட்டல் வழக்கிலும் இதே நிலையைத்தான் சுப்ரீம் கோர்ட் எடுத்தது. அது வருமானவரி பற்றிய வழக்கு. டிப்ஸ் சம்பளமல்ல என்பது இந்த நாட்டில் ஐம்பது வருஷமாக உள்ள சட்டநிலை. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அமெரிக்காவில் இதற்கு நேர்மாறு. 1966-இல் அங்கே சட்டத்தைத் திருத்தி, டிப்ஸ் வாங்குகிற தொழிலாளிக்கு முதலாளி கொடுக்கவேண்டிய கூலியில் ஒரு பகுதியை டிப்ஸிலேயே கழித்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார்கள். அந்தத் தேசத்தின் மத்தியச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். டிப்ஸ் வாங்குகிறவருக்கு முதலாளி தன் கையிலிருந்து கொடுக்கவேண்டியதோ 2.13 டாலர். 1991-இலிருந்து இந்த 2.13 அசையவில்லை. அமெரிக்கர் தாராளமாக டிப்ஸ் கொடுப்பதைப் பார்த்து நம்மவர் சிலர் மெய்ம்மறந்து எழுதுகிறார்கள். அது தாராளம் மட்டுமல்ல; முதலாளியின் சம்பளப் பட்டுவாடாவில் பாதியைச் சாப்பிட வந்தவன் தலையில் கட்டிய ஏற்பாடு.

இங்கேயும் குறுக்குவழி தேடாமல் இல்லை. பெரிய ஹோட்டல்களின் பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று 5 சதவீதம், 10 சதவீதம் தாமாகவே போட்டு வாங்கினார்கள். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அது கூடாது என்று விதி போட்டது. ஹோட்டல் முதலாளிகளின் சங்கங்கள் இரண்டு தில்லி ஹைகோர்ட்டுக்குப் போயின. 2025 மார்ச் 28-ஆம் தேதி கோர்ட், ஆணையத்தின் விதி சரியே, சர்வீஸ் சார்ஜ் கொடுப்பதும் கொடுக்காததும் வாடிக்கைக்காரர் இஷ்டம் என்று சொல்லி, அந்தச் சங்கங்களுக்குத் தலா ஒரு லட்சம் ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது. முதலாளிகள் தரப்பில் அடுக்கிய காரணங்களில் ஒன்று என்ன தெரியுமா? இந்தத் தொகை தொழிலாளிகளின் நலனுக்காக என்பது! தொழிலாளிமீது அவ்வளவு கரிசனம் இருந்தால் அடிப்படைச் சம்பளத்தை ஏற்றுவதற்கு எந்தக் கோர்ட் தடை போட்டது?

சரி, பட்டணத்துப் பெரிய ஹோட்டலை விட்டு நம் பக்கத்துக்கு வருவோம். நம் ஜனங்கள் அதிகம் பார்ப்பது டாஸ்மாக் கடையையும் அதை ஒட்டிய பாரையும்தான். குடியை நாம் ஆதரிக்கிறோம் என்று யாரும் திரிக்கவேண்டாம். குடியால் அழிந்த குடும்பங்களின் வாசலில் நின்று பேசியவர்கள்தான் நாம். ஆனால் அந்தக் கடைக்குள் நிற்பவனும் தொழிலாளி. வெளியே வரிசையில் நிற்பவனும் தொழிலாளி. இருவருக்கும் நடுவே தினமும் ஒரு பத்து ரூபாய் சண்டை நடக்கிறது. பாட்டிலில் அச்சடித்த விலைக்குமேல் பத்து ரூபாய் வாங்குகிறார்கள் என்ற புகார் தமிழ்நாடு முழுவதும் உள்ளது. நம் தோழர்களில் சிலர் இதையும் டிப்ஸ் கணக்கில் சேர்த்து வாதாடியிருக்கிறார்கள். அது சரியல்ல.

கொடுப்பவன் மனமொப்பிக் கொடுத்தால்தான் அது டிப்ஸ். கொடுக்காவிட்டால் பாட்டில் கிடைக்காது என்றால் அது பறிப்பு. 2025-26-ஆம் வருஷத்துக்கு நம் ராஜ்யத்தில் நூறுநாள் வேலைக்கு அறிவித்த கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்குக் கணக்கிட்டால் பத்து ரூபாய் என்பது ஏறக்குறைய கால் மணி நேர உழைப்பு. வெயிலில் குனிந்து செய்த கால் மணி நேர உழைப்பை எந்தக் கணக்கிலும் எழுதாமல் வாங்கிக்கொள்வதை நாம் ஆதரிக்க முடியாது. வாங்குபவர் தொழிலாளியாகவே இருந்தாலும்.

ஆனால் அந்தப் பத்து ரூபாய் முழுக்கக் கடைக்காரர் பையிலா தங்குகிறது? ஊழியர்கள் சொல்வதைக் கேளுங்கள். லாரியிலிருந்து பெட்டி இறக்கும் கூலி, உடைந்த பாட்டிலின் நஷ்டம், கடையின் சில்லறைச் செலவுகள், வருகிற போகிற அதிகாரிகளின் மாமூல் எல்லாம் தங்கள் தலையில் விழுகின்றன என்கிறார்கள். அகப்பட்டுக்கொண்டால் அபராதமும் இடமாற்றமும் சஸ்பெண்டும் கடை ஊழியருக்கு. மேலே போன பங்குக்கு ரசீதும் இல்லை, விசாரணையும் இல்லை.

1983-இல் மொத்த வியாபாரத்துக்காக டாஸ்மாக் ஆரம்பமாயிற்று. 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளையும் சர்க்கார் எடுத்துக்கொண்டது. அன்று சேர்ந்தவர்கள் தலை நரைத்துவிட்டது. தொகுப்பூதியம் மட்டும் போகவில்லை. இரண்டு வருஷத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கவேண்டும் என்று 1981-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டம் சொல்கிறது. அந்த நிரந்தரத்தைக் கேட்டுத்தான் டாஸ்மாக் ஊழியர்கள் வருஷக்கணக்காக வீதியில் நிற்கிறார்கள். 2025 ஏப்ரலில் சட்டசபையில் ஓர் அறிவிப்பு வந்தது. மேற்பார்வையாளர்கள் 6,567 பேர், விற்பனையாளர்கள் 14,636 பேர், உதவி விற்பனையாளர்கள் 2,426 பேர், ஆக 23,629 பேருக்கு மாதம் 2,000 ரூபாய் உயர்வு; இதனால் சர்க்காருக்கு வருஷத்துக்கு 64.08 கோடி ரூபாய் கூடுதல் செலவு என்றார்கள். பெரிய தொகையாகத்தான் காதில் விழும். 2024-25-இல் மதுவினால் சர்க்காருக்கு வந்த வரி வருமானம் 48,344 கோடி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நூறு ரூபாய்க்குப் பதின்மூன்று பைசா! இந்தப் பதின்மூன்று பைசாவுக்கும் வருஷக்கணக்கில் போராட வேண்டியிருந்தது.

2025 தீபாவளிக்கு டாஸ்மாக் ஊழியருக்கு 20 சதவீதம் அறிவித்தார்கள். அதிகபட்சம் 16,800 ரூபாய். அதை எப்படிப் பிரித்தார்கள் என்பது வேடிக்கை. 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் ‘கருணைத்தொகை’. சட்டம் கட்டாயப்படுத்துகிற பங்கு போனஸ். அதற்கு மேற்பட்டது கருணை. இவ்வளவு விற்றுக் கொடுத்தவனுக்கு சர்க்காரே டிப்ஸ் வைக்கிறது!

பார் ஊழியர் கதை இதைவிட மோசம். பாரை நடத்துவது டாஸ்மாக் அல்ல. ஏலம் எடுத்த தனியார். சர்க்காருக்கு மாதாமாதம் கட்டவேண்டியதைக் கட்டி, டம்ளரும் தண்ணீரும் சுண்டலும் ஆம்லெட்டும் விற்று அதைத் திருப்பி எடுக்கிறார். மேஜை துடைத்து, வாந்தி கழுவி, போதையில் விழுந்தவரைத் தூக்கி உட்காரவைக்கிற பையனின் பெயர் டாஸ்மாக் பதிவேட்டில் கிடையாது. பல இடங்களில் பார்க்காரர் பதிவேட்டிலும் கிடையாது. அவனுக்குச் சம்பளம் பெயரளவுக்கு, சாப்பாடும் படுக்கையும் அங்கேயே, மற்றதெல்லாம் டிப்ஸ். ஒரிஸ்ஸாவிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்த பிள்ளைகள் இன்று இந்த வேலையில் நிறைய இருக்கிறார்கள். “வடக்கத்தியான் வந்து கூலியைக் கெடுத்தான்” என்று புலம்புகிறவர்கள், டிப்ஸையே கூலி என்று சொல்லிக் கெடுத்தது யார் என்பதைத் திரும்பிப் பார்க்கட்டும்.

இனி, கொடுக்கிற முறையைப் பற்றி. இதில் நம்மவர்களிடமும் குறை இருக்கிறது, சொல்லத்தான் வேண்டும். வயலில் மிராசுதார் “டேய்” என்று கூப்பிட்டால் கொதிக்கிற நம் ஆட்கள், பார் மேஜையில் உட்கார்ந்ததும், “டேய், இங்கே வாடா” என்கிறார்கள். அமெரிக்க ரயில்களில் புல்மன் கம்பெனியின் படுக்கைப் பெட்டிகளில் வேலை செய்த நீக்ரோத் தொழிலாளர்களைப் பயணிகள் எல்லோரும் ‘ஜார்ஜ்’ என்றே கூப்பிட்டார்கள். கம்பெனி முதலாளியின் பெயர் ஜார்ஜ் புல்மன். அடிமைக்கு எஜமான் பெயரை வைக்கிற பழைய வழக்கம்! டிப்ஸை நம்பியே அவர்களை அற்பச் சம்பளத்தில் கம்பெனி வைத்திருந்தது. 1925-இல் ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் கட்டினார்கள். பன்னிரண்டு வருஷம் போராடி 1937-இல் கம்பெனியைக் கையெழுத்துப் போடவைத்தார்கள். கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது. பெயர் சொல்லிக் கூப்பிடும் மரியாதையும் அவர்கள் கேட்டவற்றில் ஒன்று. நாமும் பெயர் கேட்டுக் கூப்பிடலாம். தெரியாவிட்டால் ‘தம்பி’ என்றோ ‘அண்ணே’ என்றோ ‘அம்மா’ என்றோ சொல்ல வாய் வலிக்காது.

காசை நனைந்த மேஜைமேல் வீசாதீர்கள், கையில் கொடுங்கள். தட்டில் மிச்சச் சில்லறையை வைத்துவிட்டு, அவர் எடுக்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்து ரசிக்காதீர்கள். அதிகமாக ஊற்றவேண்டும், நல்ல துண்டாகப் போடவேண்டும், வரிசையில் முந்தவேண்டும் என்பதற்காக முன்கூட்டிக் கொடுப்பது லஞ்சம். தாலுகா ஆபீசில் அதை எதிர்த்துக் கோஷம் போட்டுவிட்டு ஹோட்டலில் நாமே செய்யக்கூடாது. தோசை நேரமானதற்கு டிப்ஸைப் பிடித்தம் செய்து தண்டிக்கிறவர்களையும் பார்த்திருக்கிறோம். அடுப்படியில் நாலு பேர் செய்யவேண்டியதை முதலாளி இரண்டு பேரை வைத்துச் செய்தால் தோசை நேரமாகத்தான் செய்யும். அபராதம் யாருக்கு?

பரிமாறுகிறவர் நம் கண்முன் நிற்கிறார், அவருக்குக் கிடைக்கிறது. பின்கட்டில் பாத்திரம் கழுவுகிற அம்மாள் கண்ணில் படுவதில்லை. இலை எடுக்கிற கிழவரும் அப்படியே. கொடுக்கும்போது “எல்லோருக்கும் பிரிச்சுக்கோங்க” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பரிமாறுகிற பெண்ணிடம் பத்து ரூபாயை நீட்டிக்கொண்டு இளிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் இங்கே எழுதப்போவதில்லை. நேரில் பார்த்தால் பேசிக்கொள்ளலாம்.

கையில் இல்லாதவர் கொடுக்கவேண்டியதில்லை. இதையும் அழுத்தமாகச் சொல்கிறோம். நாற்று நட்டுவிட்டு வந்து இரண்டு இட்லி சாப்பிடுகிறவர், மிச்சம் மூன்று ரூபாயைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஒரு கூலிக்காரன் இன்னொரு கூலிக்காரனின் சம்பளக் குறையை நிரப்பவேண்டும் என்பது எந்த நியாயம்?

இப்போது புதிதாக ஒரு சங்கடம் வந்திருக்கிறது. செல்போனில் க்யூஆர் அட்டையைத் தட்டிப் பணம் கட்டுகிறோம். “பத்து ரூபாய் சேர்த்துப் போட்டிருக்கேன், வெச்சுக்கப்பா” என்று சொல்லிவிட்டுப் போகிறோம். அந்தப் பத்து ரூபாய் போய்ச் சேருவது முதலாளியின் பாங்குக் கணக்கில். பையனுக்கு அது வந்ததா, வரவில்லையா? நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. பிரிட்டனில் 2023-இல் ஒரு சட்டம் செய்து, 2024 அக்டோபர் 1 முதல், வாடிக்கைக்காரர் கொடுத்த டிப்ஸ் முழுவதையும் தொழிலாளிக்கே கொடுக்கவேண்டும், முதலாளி அதில் கைவைக்கக்கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். அப்படியொரு சட்டம் இங்கே வருகிறவரை, கொடுப்பதை ரொக்கமாகக் கொடுங்கள். வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவருகிற மோட்டார் சைக்கிள் பையனுக்கும், கேஸ் சிலிண்டர் தூக்கிவருகிறவருக்கும் இதுவே பொருந்தும். சிலிண்டரை வீட்டில் கொண்டுவந்து போடுகிற கூலி விலையிலேயே அடக்கம் என்று பில் சொல்கிறது. ஏஜென்ஸி அந்தக் கூலியை அவரிடம் கொடுக்கிறதா என்று அவரையே கேளுங்கள். அவரோடு மல்லுக்கு நிற்பதைவிட அது பிரயோஜனம்.

கல்யாண மண்டபத்துப் பந்தியிலும் இதைக் கவனிக்கவேண்டும். சமையல் காண்டிராக்டர் ஒரு முகூர்த்தத்துக்கு இவ்வளவு என்று காலேஜ் பிள்ளைகளைக் கூட்டிவந்து பரிமாற வைக்கிறார். பெண் வீட்டார் தாம்பூலத்தட்டில் கொஞ்சம் பணம் வைத்துக் கொடுத்தால், “அதான் வாங்கிட்டீங்களே” என்று அவர் பேசிய கூலியில் குறைக்கப் பார்க்கிறார். நம் தோழர் வீட்டுக் கல்யாணங்களில், காண்டிராக்டர் கூலியை எண்ணிக் கொடுத்தாரா என்று முதலில் விசாரித்துவிட்டு அப்புறம் தாம்பூலம் கொடுங்கள்.

கடைசியாக, வேலைக்குப் புறப்படுகிற பிள்ளைகளுக்கும் அவர்களை அனுப்புகிற தாய் தகப்பனாருக்கும். “டிப்ஸ் நல்லா வரும்” என்று முதலாளி சொன்னால், “வரட்டும் அண்ணே, சம்பளம் எவ்வளவு?” என்று கேளுங்கள். ஹோட்டல் தொழிலுக்கு சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி உண்டு. டிப்ஸைக் காட்டி அதில் ஒரு பைசாவும் குறைக்க முடியாது. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடமானால் ஈ.எஸ்.ஐ. நம்பர் கேளுங்கள், இருபது பேரானால் பி.எஃப். நம்பரும் கேளுங்கள். டிப்ஸை எத்தனை வருஷம் வாங்கினாலும் அதிலிருந்து பென்ஷன் வராது. அடுப்பில் கை வெந்தால் ஆஸ்பத்திரிச் சீட்டும் வராது. சம்பளத்தைப் பாங்குக் கணக்கில் வாங்குங்கள். என்றைக்குச் சேர்ந்தீர்கள், என்ன கொடுத்தார்கள் என்பதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். கூலியைக் குறைத்தாலோ, டிப்ஸைப் பிடுங்கினாலோ, தனியாகப் போய்ச் சண்டை போட்டு வேலையை இழக்கவேண்டாம். கூட வேலை செய்கிறவர்களில் இரண்டு பேரையாவது சேர்த்துக்கொண்டு அந்த நோட்டோடு நம் சங்க ஆபீசுக்கு வாருங்கள். ஜில்லாத் தொழிலாளர் அதிகாரிக்கு மனு எழுதுகிற வேலையை நாம் பார்த்துக்கொள்கிறோம்.